தூசிக்குள் பிறக்கும் ராட்சத நட்சத்திரங்களை ரேடியோ எப்படிப் பார்க்கிறது?

சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரங்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். சூரியன் சுருங்கிச் சூடாகி ஹைட்ரஜனை எரிக்கத் தொடங்கச் சில கோடி ஆண்டுகள் ஆயின, இவற்றுக்கு ஒரு லட்சம் ஆண்டே அதிகம். வெளியிலிருந்து வாயு இன்னும் வந்து விழுந்துகொண்டிருக்கும்போதே உள்ளே அணுக்கரு இணைவு ஆரம்பித்துவிடும், அதனால் அந்தப் பருவம் முழுக்க நட்சத்திரம் அடர்ந்த தூசிக்குள்ளேயே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் தூசித் துகளின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஒளி அங்கேயே சிதறிச் செத்துப்போகும். சென்டிமீட்டர் அலைநீள ரேடியோவுக்கு அந்தத் தூசி இருப்பதே தெரியாது.

சரி, ரேடியோவில் தெரிவது என்ன? நட்சத்திரம் அல்ல, அதைச் சுற்றியுள்ள வாயு. நட்சத்திரத்தின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிகிறது; அப்படித் திரியும் எலக்ட்ரான் ஒரு புரோட்டான் பக்கமாகப் போகும்போது பாதை வளைந்து, கொஞ்சம் ஆற்றலை ரேடியோ அலையாக விட்டுச் செல்கிறது. ஆரம்பத்தில் இந்தச் சூடான வாயுக் குமிழி ஒரு ஒளியாண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. உள்ளே இருக்கும் அழுத்தத்துக்குச் சில ஆயிரம் ஆண்டுகளில் அது ஊதிப் பெருத்துவிட வேண்டும், ஆகவே சின்னக் குமிழிகள் அபூர்வமாகத்தான் அகப்பட வேண்டும். ஆனால் 1989-இல் வுட், சர்ச்வெல் என்ற இரண்டு வானியலாளர்கள் வெளியிட்ட கணக்கெடுப்பில் அவை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகம்! மேலே விழும் வாயு குமிழியை அமுக்கி வைத்திருக்கிறது என்பது ஒரு விளக்கம்.

இன்னொரு தலைவலி, இவை தனியாகப் பிறப்பதில்லை, கூட்டமாகத்தான். நெருக்கியடித்து நிற்பவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு பெரிய டிஷ் போதாது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உள்ள வி.எல்.ஏ. என்ற ரேடியோ தொலைநோக்கியில் 25 மீட்டர் விட்டமுள்ள 27 ஆன்டெனாக்கள் தண்டவாளத்தின் மேல் ஒய் வடிவத்தில் நிற்கின்றன, தேவைப்பட்டால் அவற்றை 36 கிலோமீட்டர் வரை பரப்பலாம். கூர்மையில் அது 36 கிலோமீட்டர் அகல டிஷ்ஷுக்குச் சமம். பிரித்த பிறகும் எந்தப் புள்ளி எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதே இடத்தைப் பல அதிர்வெண்களில் அளந்தால் பிடிபடும்: மெல்லிய சூடான வாயு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பிரகாசம், அடர்ந்த வாயுவும் நட்சத்திரத்திலிருந்து பீறிடும் வாயுத் தாரையும் அதிர்வெண்ணோடு ஏறும், தூசியோ மில்லிமீட்டர் பக்கம் போகப் போகக் கிடுகிடுவென உயரும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது சிக்னஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கம் சுமார் 4,200 ஒளியாண்டு தள்ளி இருக்கும் டபிள்யூ75என்(பி)-வி.எல்.ஏ 2 என்ற, பிறந்துகொண்டிருக்கும் ராட்சத நட்சத்திரம். 1996-இல் அதிலிருந்து வெளியே வீசும் வாயு, அதாவது அதன் காற்று, உருண்டையாகத் தெரிந்தது. 2014-இல் அதே ஆன்டெனாக்களை அதே இடத்துக்குத் திருப்பினால் நீண்டு கிடக்கிறது. எல்லாப் பக்கமும் வீசிய காற்று, நட்சத்திரத்தின் இடுப்பைச் சுற்றியிருந்த தூசி வளையத்தில் முட்டி, அங்கே வழியில்லாமல் இரு துருவங்களின் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்கிறார்கள், அதுவும் வெறும் 18 ஆண்டுகளில்.