பெரிய மரத்தைக் கண்டால் முதலில் நிலத்தைப் பாருங்கள்

திருகோணமலையில் நம்மை அண்ணாந்து பார்க்கவைக்கும் நிழல்மரங்கள் எல்லாம் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. குடைபோல் விரிந்து, பொழுதுபட இலையை மடிக்கும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. அது விறுவிறுவென்று பருக்கும். அதே பருமனுக்குப் பாலை மரம் வர எத்தனையோ தலைமுறை செல்லும். அதனால்தான் பெரிய மரங்களை அளந்து பதியும்போது, அளப்பதற்கு முன் இனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

வயது ஏற ஏறப் பட்டையின் தோற்றம் மாறிவிடும். பட்டையை மட்டும் நம்பினால் பெயர் பிழையாகிவிடும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலையும் காயும்தான் நல்ல சாட்சி. பாலையிலும் இலுப்பையிலும் பால் வடியும். ஆனால் பாலையின் இலை நுனி சற்றுக் குழிந்திருக்கும், இலுப்பையின் இலை நீண்டு கூராகிக் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். ஆற்றங்கரை, குளக்கரை மருதுக்கு ஐந்து சிறகுள்ள கட்டையான காய். வீரையை அதன் வரிவரியாய்க் குழிந்த அடிமரமே காட்டிக்கொடுக்கும்.

நம் ஊர்ப் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டு. ஆங்கில மரவணிகத்தில் ‘திருகோணமலை மரம்’ என்று பெயர்பெற்ற சமண்டலைதான் அது, சிங்களத்தில் ஹல்மில்ல. நம் பிள்ளைகளுக்கு இதை அடையாளம் தெரியாதது பெரிய குறை. இலை இதய வடிவானது, அடியிலிருந்து பல நரம்புகள் விரியும். அரசு என்று மயங்க இடமுண்டு. அரசின் இலையில் வால்போல் நீண்ட நுனி இருக்கும், காம்பை முறித்தால் பால் வரும். சமண்டலையில் இரண்டும் இல்லை. பூவரசின் இலையும் இதய வடிவம்தான், ஆனால் அது மஞ்சளாய்ப் பூக்கும், சமண்டலை வெள்ளையாய்ப் பூக்கும். சந்தேகம் தீராவிட்டால் சிறகுள்ள காயைத் தேடுங்கள். விதையை வெறுங்கையால் கசக்க வேண்டாம், அதன் விறைத்த மயிர் தோலில் ஏறினால் அரிப்பெடுக்கும்.

அளவு எடுக்கத் தையல் டேப் போதும். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பிடியுங்கள். டேப் சரிந்தால் அளவு கூடிவிடும். கொடி இடையில் அகப்பட்டாலும் அப்படித்தான். சரிவான நிலமென்றால் மேட்டுப் பக்கம் நின்று உயரத்தைக் குறியுங்கள். அந்த உயரத்தில் புடைப்போ பலகைவேரோ இருந்தால் அதற்கு மேலே அளந்து, எந்த உயரம் என்றும் எழுதிவையுங்கள். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம்: 314 சென்ரிமீற்றர் சுற்றளவுக்கு 100. ஆலமரத்தில் விழுதுகளைச் சேர்த்துச் சுற்றிய கணக்கை அடிமரக் கணக்கென்று எழுதவே கூடாது.

குறி வைக்க ஆணி அடிக்காதீர்கள், பட்டையைச் செதுக்காதீர்கள். காயத்தின் வழியே பூஞ்சணம் இறங்கி உள்மரத்தை உளுக்கவைக்கும். முழு மரம், அடிமரம், இலையின் இருபுறம், காய் என்று ஐந்து படம் எடுத்தால் போதும். காட்டோர மரங்களிடம் விடிகாலையிலும் மாலையிலும் போக வேண்டாம், அது யானை நடமாடும் நேரம்.