முகாம் குடும்பங்களுக்கும் முதலமைச்சர் காப்பீடு: வருமான வரம்பு கிடையாது

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிக்கும் அகதிக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. முகாம் வாசலுக்கு வெளியே குடியிருக்கும் ஊர்க்காரர் என்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கியாக வேண்டும். முகாமில் இருப்பவருக்கு அந்த வரம்பே இல்லை. பெயிண்ட் வேலைக்குப் போய் நாலு மாதம் நன்றாகச் சம்பாதித்தாலும் தகுதி போய்விடாது.

அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்திடவில்லை. ஆகவே இது மாநில அரசு தானாக முன்வந்து சேர்த்துக்கொண்ட பிரிவு. அகதிகளுக்கெனத் தனி அட்டை, தனி மருத்துவமனை என்று பிரிக்காமல் உள்ளூர் ஏழைகளோடு ஒரே திட்டத்தில் வைத்ததுதான் இதில் எனக்குப் பிடித்தது. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஒரு இதய அறுவைக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் தொகை, நோயாளி ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்தாலும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

அட்டை பெற மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அகதி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். வேறு முகாமிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள், புதிதாகப் பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர்கள் முகாம் பதிவேட்டில் ஏறிவிட்டனவா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. அவசரத்தில் மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் நின்றுகொண்டு இதைச் சரிசெய்ய முடியாது.

காய்ச்சல், இருமலுக்கு இந்த அட்டை உதவாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, அங்கே யாருக்கும் கட்டணமில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குப் போனால், சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு ஒப்புதல் வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

ஒரு குறை இருக்கிறது. வருமான வரம்பு விலக்கு ‘முகாமில் வசிப்போர்’ என்ற சொல்லோடு கட்டப்பட்டது. காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வாடகை வீட்டில் இருக்கும் அகதிக் குடும்பம் அந்த விலக்குக்குள் வராது. முகாமை விட்டு வீடு மாற நினைப்பவர்கள், வாடகைக் கணக்கோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800 425 3993.