ஒளிப்படச் சிற்பம்: சொல் விளக்கம்

மொரீசியசில் ஒளிப்படங்களைக் கொண்டு சிற்பம் செய்யும் இந்தக் கலையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வாயில் முதலில் வருவது பிரெஞ்சுச் சொல்தான்: ஃபொதோஸ்க்யுல்த்யூர். முதற்பாதி கிரேக்கம், ஒளியைக் குறிக்கும். பிற்பாதி, செதுக்குதல் என்று பொருள்படும் 'ஸ்குல்பெரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்த 'ப்' பிரெஞ்சு எழுத்தில் இன்றும் இருக்கிறது, ஒலிப்பில் இல்லை.

இந்த முறைக்கு 1860இல் காப்புரிமை பெற்றவர் பாரிஸ் சிற்பி பிரான்சுவா வில்லெம். வட்ட அறையின் நடுவில் ஆளை நிறுத்தி, 15 பாகைக்கு ஒன்றாக 24 கேமராக்களால் படம் எடுத்தார். ஒவ்வொரு படத்தையும் திரையில் விழச்செய்து, வெளிக்கோட்டின் மேல் பாண்டோகிராஃப் கருவியின் ஒரு முனையை நகர்த்த, மறுமுனை களிமண்ணைச் சீவும். பிறகு களிமண்ணை 15 பாகை திருப்பி அடுத்த படம். வெளிக்கோட்டில் தெரியாத குழிவுகள் கருவிக்கு எட்டா. கண்குழியையும் காதுமடலின் உட்புறத்தையும் சிற்பி கையால்தான் முடிக்க வேண்டும்.

1970இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பீட்டர் பன்னல் அமைத்த கண்காட்சியில் இந்தச் சொல்லின் பொருள் மாறிவிட்டது. அங்கே ஒளிப்படமே சிற்பத்தின் உடல்.

தமிழில் 'ஒளிப்படச் சிற்பம்' என்பதே தக்க சொல். தொகையை விரித்தால் 'ஒளிப்படத்தின் துணையால் செய்த சிற்பம்', 'ஒளிப்படத்தால் ஆன சிற்பம்' என இரு பொருளும் கிடைக்கும். 'புகைப்படச் சிற்பம்' வேண்டாம். இதில் புகைக்கு வேலையே இல்லை. 'சிற்ப ஒளிப்படம்' என்று மாற்றிப் போட்டால் சிலையைப் பிடித்த படமாகிவிடும். மலை, கடற்கரை போன்றவற்றுக்கு 'நிலக்காட்சி ஒளிப்படச் சிற்பம்' எனலாம்.

மொரீசியசில் 820 மீட்டர் உயரமுள்ள பீட்டர் போத் மலையை எடுத்துக்கொள்வோம். 1:5000 அளவில் 5 மி.மீ. நுரைப்பலகை (இருபுறமும் தாள் ஒட்டிய நுரை அட்டை) ஒன்று 25 மீட்டருக்குச் சமம். கடல்மட்டத்திலிருந்து உச்சிவரை 33 அடுக்குகள். வான்வழிப் படத்தைச் சம உயரக் கோடுகளின்படி வெட்டி, அடுக்குக்கு அடுக்கு ஒட்ட வேண்டும். மேல் அடுக்கின் அடியிலும் படம் 1 செ.மீ. நீள வேண்டும், இல்லையேல் இடுக்கில் வெள்ளை தெரியும்.

தொல்லை செங்குத்துப் பாறையில்தான். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அது வெறும் கோடு; பலகையின் ஓரங்களை மூட அந்தப் படத்தில் எதுவும் இராது. மலையடிவார ஊரான க்ரேவ் கேர் பக்கமிருந்து எடுத்த படத்தை 5 மி.மீ. பட்டைகளாக வெட்டி ஓரங்களில் ஒட்டுவதே சரியான வழி. உச்சியில் நிற்கும் உருண்டைப் பாறை அடிப்பக்கம் ஒடுங்கியது, சம உயரக் கோடு அந்த ஒடுக்கத்தைக் காட்டாது. அதைத் தனியே வடித்துப் பொருத்த வேண்டும்; அந்தத் தலை இல்லாமல் பீட்டர் போத் ஏது?

நீர் கலந்த பசை பலகையின் தாளை ஊறவைத்து வளைத்துவிடும். மேட்டுநில நகரான க்யூர்பிப்பின் ஈரத்தில் இது இன்னும் மோசம். அழுத்தி ஒட்டும் பசைத்தாளே நல்லது. மேலே ஒட்டிய அதே கனமுள்ள தாளைப் பலகையின் அடியிலும் ஒட்டினால், இரு பக்க இழுவையும் சமமாகி அடுக்கு தட்டையாக நிற்கும்.