கேம்பெயின்: பரப்புரையா, இயக்கமா?

வேலூர்ப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக் குடிமையியல் பாடத்தைக் கவனிக்க உட்கார்ந்திருந்தேன். ‘அரசியல் மாற்றத்துக்காகக் குடிமக்கள் பரப்புரை செய்யும் முறைகள்’ என்று பலகையில் தலைப்பு எழுதினார்கள். உடனே ஒரு பெண் எழுந்து, “ஓட்டு கேக்க ஆட்டோல மைக் கட்டினு போவாங்களே, அதா சார்?” என்றாள். அது இல்லை என்று சொல்லிவிட்டு, தெருச் சாக்கடையை வைத்துக் குழுவேலை கொடுத்தார் ஆசிரியர். பிள்ளைகள் அட்டை வெட்டி, கலர் பென்சிலால் ‘தூய்மை காப்போம்’, ‘கொசுவை ஒழிப்போம்’ என்று எழுதினார்கள். யாரிடம் என்ன கேட்கிறோம் என்பது ஓர் அட்டையிலும் இல்லை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பலகையில் இருந்த சொல் என்ன கேட்டதோ அதைத்தான் செய்தார்கள்.

‘கேம்பெயின்’ (campaign) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் பரப்புரை என்று பெயர்க்கிறோம். அதற்கு மூலம் ‘காம்புஸ்’ (campus) என்ற லத்தீன் சொல். திறந்தவெளி என்று பொருள். படை வெளியில் இறங்கி ஒரு பருவம் முழுக்க நடத்தும் போர்த்தொடரைக் குறித்துப் பிறகு அரசியலுக்கு வந்தது. குறி ஒன்று, அதை அடையும் வரை அடுத்தடுத்துச் செயல்கள்: சொல்லின் உயிர் அதில்தான் இருக்கிறது.

‘பிரசாரம்’ வடசொல் என்று விலக்கிப் பரப்புரையைக் கொண்டுவந்தோம். தனித்தமிழ்ப் பற்று எனக்கும் உண்டு, விலக்கியதில் வருத்தமில்லை. ஆனால் பிரசாரத்தின் வேரான ‘சர்’ என்பதற்குச் செல்லுதல், நடத்தல் என்று பொருள். அதில் கொஞ்சம் அசைவாவது இருந்தது. நாமோ ‘உரை’யைச் சேர்த்து அதை வாயோடு நிறுத்திவிட்டோம். பரப்புரை தவறான சொல் அல்ல, தவறான இடத்தில் உட்கார வைத்த சொல். 1622இல் ரோமில் சமயம் பரப்ப ஏற்படுத்திய சபையின் பெயரிலிருந்து வந்த ‘புரொபகாண்டா’வுக்கு அது அச்சாகப் பொருந்தும். தேர்தல் பிரசாரத்துக்கும் போதும், ஏனென்றால் அங்கே பேச்சுதான் வேலை. சட்டம் மாற வேண்டும், சாலை வர வேண்டும் என்று ஊர் கூடிச் செய்வதற்கு அதே சொல்லை மாட்டினால், மாணவனுக்கு நாம் கற்றுக்கொடுப்பது கத்துவது மட்டும்தான்.

நம் ஊர்க் கதையையே பாருங்கள். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஐந்தாண்டு உழைப்பைப் பரப்புரை என்று சொல்ல யாருக்காவது நா எழுமா?

சொல் ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினால் அது ‘கையெழுத்து இயக்கம்’. கையெழுத்துப் பரப்புரை என்று ஒருவரும் சொல்வதில்லை. இயக்கம் என்றால் 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் போலப் பெரியதுதானே என்று மறுப்பார்கள். இரண்டு நாள் கையெழுத்து வேட்டையையும் இயக்கம் என்றே ஊர் அழைக்கிறது. இயக்கத்துக்கு முன்னால் வரும் சொல் அளவைக் காட்டிவிடும். ஆகவே கேம்பெயினுக்குக் ‘கோரிக்கை இயக்கம்’ என்பதே என் முடிவு. வினையாக வேண்டுமென்றால் ‘கோரி இயக்கம் நடத்துதல்’.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சொல் குறிக்கும் வேலையைச் செய்கிறவர்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்பதில்லை. ‘விழிப்புணர்வு’க்கும் இதே கதிதான். எதைச் செய்யச் சொன்னாலும் விழிப்புணர்வுப் பேரணி என்று பிள்ளைகளை வெயிலில் நடக்க விடுகிறோம். மனு எழுதச் சொல்லித் தருவதில்லை.

அடுத்த வாரம் அதே வகுப்பில் தலைப்பை மட்டும் மாற்றி, ‘கோரிக்கை இயக்கம் நடத்துவது எப்படி?’ என்று எழுதச் சொன்னேன். அதே பெண்தான் முதலில் எழுந்தாள். “சாக்கடைக்கு கார்ப்பரேஷன்ல குடுக்கணுமா, இல்ல திங்கக்கிழம சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கணுமா சார்?”