தடைக்காலம் போட்டால் ஆயுள் கூடுமா?

ராயபுரத்தில் இன்சுலின் என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருத்துவர் எம். விஸ்வநாதன் 1954-இல் தொடங்கிய மருத்துவமனை, பின்னர் சர்க்கரை நோய்க்கென்றே ஆன பகுதி அது. ஆனால் இன்சுலின் செல்லுக்குச் செய்தி சொல்லும் அதே வழிக்கு முதுமையிலும் பங்கு உண்டு. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு புழு.

சி. எலிகன்ஸ் என்ற அந்தப் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். ஆயுள் ஏறக்குறைய மூன்று வாரம். டாஃப்-2 என்ற ஒரே மரபணு பழுதானால் அது இரண்டு மடங்குக்கு மேல் வாழ்கிறது என்று 1993-இல் கலிபோர்னியாவில் சிந்தியா கென்யனின் குழு கண்டது. படுத்த படுக்கையாக நாளைக் கடத்தவும் இல்லை. மற்ற புழுக்கள் ஓய்ந்துபோன வயதிலும் இவை நெளிந்து திரிந்தன.

டாஃப்-2 தருவது ஓர் ஏற்பி, அதாவது செல்லின் மேல் இருந்து செய்தியைப் பிடிக்கும் புரதம். நம் உடலில் இன்சுலினையும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் பிடிக்கும் ஏற்பிகளின் வகையறா. “சாப்பாடு இருக்கிறது, வளரு, முட்டை போடு” என்ற செய்தியை அது செல்லுக்குள் அனுப்பும். செய்தி வந்துகொண்டிருக்கும்வரை டாஃப்-16 என்ற புரதம், மரபணுக்கள் இருக்கும் உட்கருவுக்குள் போக முடியாது. செய்தி மங்கினால் அது உள்ளே போய், வடிவம் குலைந்த புரதங்களைச் சரிசெய்கிற, ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கிற, கிருமிகளை எதிர்க்கிற மரபணுக்களை முடுக்கிவிடும். காசிமேட்டில் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நடப்பதும் இதுதானே? மீன்பாடு கிடைக்கிற நாளில் விசைப்படகைக் கரையேற்ற யாருக்கு மனசு வரும்? தடை வந்தால்தான் இன்ஜினைப் பிரிப்பார்கள், வலையைச் சீர்செய்வார்கள், பெயின்ட் அடிப்பார்கள். டாஃப்-16-ஐயும் நீக்கிவிட்டால் புழுவுக்குக் கூடுதல் ஆயுள் கிடையாது. பழுதுபார்க்க ஆளில்லாத தடைக்காலத்தால் என்ன பயன்!

சரி, இதைப் படித்துவிட்டு யாரும் இன்சுலின் ஊசியில் கைவைக்க வேண்டாம். டாஃப்-2 அடியோடு செயலிழந்தால் புழு வளரவே வளராது. ஓரளவு மங்கினால்தான் லாபம். சர்க்கரை நோயாளி ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், சிறுநீரகமும் கண்ணும் கெடும், ஆயுள் கூடாது.

சுண்டெலியில் கதை சிக்கலாகிறது. ஐ.ஜி.எஃப்-1 ஏற்பி மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை நீக்கியபோது பெண் எலிகள் 33 சதவீதம் கூடுதலாக வாழ்ந்ததாக 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்புறம் வேறு ரக எலிகளில் பார்த்தபோது பலன் சொற்பம்.

மனிதரில்? ஈக்வடாரில் லாரான் குறைபாடு உள்ள சிலர் இருக்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனுக்கு உடல் மசியாததால் அவர்களுக்கு ஐ.ஜி.எஃப்-1 மிகக் குறைவு, உயரமும் குறைவு. அவர்களிடம் சர்க்கரை நோயும் புற்றுநோயும் மிக அரிது என்று 2011-இல் ஆய்வு வந்தது. ஆனால் அவர்கள் நூறைத் தாண்டி வாழவில்லை. விபத்திலும் குடியிலும் வலிப்பிலும் இறந்தவர்களே அவர்களில் நிறையப் பேர்.