துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் ஏற்றும் முறை

அமெரிக்க ராணுவம் 1936இல் ஏற்றுக்கொண்ட எம்1 கேரண்ட் துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் வைத்துக் கையில் பிடிக்கும் மரப்பகுதி, பெரும்பாலும் கறுப்பு வால்நட் மரம். விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தை மடக்கிப் பூட்டும்போது, நடுவில் உள்ள மரம் சற்றே நசுங்கி, மேலிருக்கும் உலோகப் பகுதியை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் விழாது. எனவே கட்டைக்குப் போடும் எண்ணெய், அழகைவிடக் குறிக்குத்தான் முக்கியம்.

வெட்டிய ஈரம் காயாத கறுப்பு வால்நட் முற்றாக உலரும்போது மரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 7.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 5.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். பக்குவப்பட்ட மரமும் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி உப்பும், கோடையில் அதை விட்டுச் சுருங்கும். எந்த எண்ணெயும் இதை நிறுத்தாது, வேகத்தை மட்டும் குறைக்கும்.

ராணுவக் கையேடுகள் பராமரிப்புக்குச் சொன்னது பச்சை, அதாவது எதுவும் கலக்காத, ஆளிவிதை எண்ணெய். இதில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே புகுந்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்ன, எண்ணெய் கெட்டியான வலையாகிறது. தண்ணீரைப் போல இது ஆவியாகிக் காய்வதில்லை. சொல்லப்போனால் ஆக்சிஜன் சேர்ந்து எடை கூடுகிறது. தேங்காயெண்ணெயில் இந்தப் பிணைப்புகள் மிகக் குறைவு. அதைப் பூசினால் என்றைக்கும் காயாது, தூசிதான் ஒட்டும். கடையில் ‘பாயில்டு’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள் கலந்திருக்கும். பச்சை எண்ணெய் காய நாட்கணக்கில் ஆகும் இடத்தில் இது ஓரிரு நாளில் காயும். டங் மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் நீரை இன்னும் நன்றாகத் தாங்கும்.

குண்டு உள்ளே இல்லை என்று உறுதிசெய்து, உலோகத்தை எல்லாம் கழற்றுங்கள். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், நசுங்கிய இழைகள் நீராவியில் ஊதி மேலெழும். இழை வெட்டுப்பட்டிருந்தால் எழாது. பிறகு 150, 220, 320 எண் உப்புத்தாள்களை வரிசையாக, இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். உலோகத்தோடு சேரும் விளிம்புகளிலும் பழைய முத்திரைகளிலும் உப்புத்தாள் படக் கூடாது; விளிம்பு உருண்டால் திரும்பச் சரியாகாது. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால் மரத்தில் மயிர் எழும். அதை 320ஆல் மெல்ல எடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் மழையிலேயே கட்டை சொரசொரக்கும்.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. 20 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். அடுத்த பூச்சுகளுக்குச் சில சொட்டு போதும்: உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, முந்தையது காய்ந்தபின் அடுத்தது. ஐந்தாறு பூச்சு நல்லது. பலரும் கெடுப்பது இங்கேதான்: தாராளமாகப் பூசி அப்படியே விடுவார்கள். மேல் தோல் முதலில் காய்ந்து ஆக்சிஜனை மறிக்க, அடியில் பிசுபிசுப்பு தங்கிவிடும். அப்படி ஆனால் டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

வெளியே பளபளக்கும் பல கட்டைகள் உள்ளே வெறும் மரமாகவே இருக்கும். தோளில் படும் தகட்டின் அடியில் இழைகளின் வெட்டு முனைகள் உறிஞ்சுகுழல்களின் கத்தை போலத் திறந்து நிற்கின்றன. ஈரம் பக்கவாட்டைவிடப் பலமடங்கு வேகமாக அங்கேதான் நுழையும். அந்த முனைகளுக்கும், உலோகம் உட்காரும் குழிகளுக்கும் எண்ணெய் குடிக்கும்வரை கொடுங்கள். குழிகளில் தேங்க விடாதீர்கள்.

உலோகத்துக்குப் போடும் மசகு எண்ணெய் வேறு. அது காய்வதில்லை. குழாய் மேல்நோக்கி நிற்கும்படி வைத்தால் அது வழிந்து மரத்துக்குள் இறங்கி, இழையை மென்மையாக்கும். காப்பு வளையம் பூட்டும் இடம் அப்படி மென்மையானால் மேற்சொன்ன பிடி போய்விடும். மசகு மிகுதியாகப் போட்ட பிறகு குழாய் கீழ்நோக்கி வையுங்கள்.

துடைத்த துணியைக் கசக்கிக் குவித்துப் போடவே கூடாது. எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும். குவியலுக்குள் அது சிக்கினால் தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த தகர டப்பாவில் முக்கி மூடிவையுங்கள்.