கழுவினால் போகாது

போன கிழமையும் ஒரு பெண் வந்தார். ரிப்போர்ட்டில் கிளமிடியா, உடலுறவால் தொற்றும் ஒரு நோய். "ஒவ்வொரு முறையும் உறவு முடிந்த உடனே உள்ளே கழுவிவிடுவேனே டொக்டர், பிறகு எப்படி?" என்று கேட்டபடி கைப்பையிலிருந்து யோனி கழுவும் திரவப் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளவத்தைப் பாமசியில் வாங்கியதாம், ரோஜாப்பூப் படம், விலையும் கொஞ்சமில்லை. இதே கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

கழுவினால் தொற்று போகாது. கிளமிடியாவும், அதேபோல் உறவால் தொற்றும் கொனோரியாவும் போய் ஒட்டுவது கருப்பை வாயின் செல்களில், அங்கே உங்கள் தண்ணீருக்கு வேலை இல்லை. உள்ளே இருக்கும் நல்ல பக்டீரியாக்கள் லக்டிக் அமிலம் சுரந்து காவல் காக்கின்றன, சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் தண்ணீர், எலுமிச்சை என்று எதை உள்ளே விட்டாலும் நீங்கள் விரட்டுவது அந்தக் காவலைத்தான். வெளிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவுங்கள், போதும். உள்ளே ஒன்றும் வேண்டாம், ஒன்றுமே!

"அப்போ தொற்றைத் தடுக்கப் பெண்கள் தேவைப்படும்போது மட்டும் உள்ளே பூசுகிற ஜெல் வந்திருக்காமே?" ஆராய்ச்சி நடக்கிறது, சரி. நொனொக்சினோல்-9 என்ற விந்துக்கொல்லி எச்.ஐ.வியைத் தடுக்கும் என்று நம்பினார்கள், 2000இல் முடிவு வந்தபோது அதை அடிக்கடி பாவித்த பெண்களுக்குத்தான் தொற்று அதிகம். 2010இல் தென்னாபிரிக்காவில் டெனோபோவிர் என்ற எச்.ஐ.வி மருந்து சேர்த்த ஜெல், உறவுக்கு முன் 12 மணித்தியாலத்துக்குள் ஒன்று, பின் 12 மணித்தியாலத்துக்குள் ஒன்று: எச்.ஐ.வி 39 வீதம் குறைந்தது, நாங்கள் எல்லோரும் துள்ளினோம். 2015இல் அதே ஜெல்லுக்குப் பெரிய ஆய்வில் பலன் இல்லை. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர், சகோதரங்களோடு இருந்த இளம் பெண்கள், ஒழுங்காகப் பாவிக்க முடியவில்லை. இங்கே கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஜெல்லை எங்கே ஒளிப்பது? கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் பார்த்த ஓர் அமில ஜெல், நடுக்கட்ட ஆய்வில் நன்றாக இருந்து, 2022இல் கடைசிக் கட்டத்தில் விழுந்தது.

அப்புறம் டொக்சிசைக்ளின், உறவுக்குப் பிறகு எடுத்தால் தொற்றைத் தடுக்கும் என்று பேசப்படும் அன்டிபயோட்டிக் மாத்திரை. போனில் படித்துவிட்டுத் டொக்டர் துண்டு இல்லாமல் வாங்கி விழுங்காதீர்கள். பலன் தெரிந்தது முக்கியமாக ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில். கென்யாவில் பெண்களிடம் பார்த்தபோது தொற்று குறையவில்லை, முடியைச் சோதித்தால் பலர் மாத்திரையே எடுத்திருக்கவில்லை. கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால் கிட்டவும் போகவேண்டாம்.

இன்றைக்குக் கையில் இருப்பது ஆணுறை. தொற்று வந்தால் இருவரும் மருந்து எடுங்கள், இல்லையென்றால் திரும்ப வரும். அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள், கிளமிடியா பெரும்பாலும் சத்தமே போடாது. கொழும்பு 10, டி சேரம் பிளேஸ் அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கணவர் வரமாட்டார் என்றால் தனியாகவாவது வாருங்கள், தயவுசெய்து, அவரிடம் எப்படிச் சொல்வது என்பதைச் சேர்ந்து யோசிக்கலாம்.